அம்மாவோட கிறிஸ்துமஸ் பெட்டி: பிரிக்கிறதா, மாட்டுறதா, பூட்டி வைக்கிறதா?

வாசல்நிலா எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அம்மா இனிமே அண்ணன் வீட்டோடதான். பழைய வீட்டைக் காலி பண்ணும்போது கிறிஸ்துமஸ் பெட்டி என்கிட்ட வந்து சேர்ந்துச்சு. இப்போ அதை வச்சு வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஓடுது.

உள்ள இருக்கறது: மெல்லிசான கண்ணாடிப் பந்துகள். கிளையைக் கவ்விக்கிற கிளிப் வச்ச ஒரு கண்ணாடிக் குருவி, வால் இருக்கவேண்டிய இடத்துல பளபளன்னு இழைக் கொத்து. அப்பா கையால வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டின அட்டை ஸ்டார். தங்கச்சி சின்னப் பிள்ளையா இருக்கும்போது மாவுல பதிச்ச உள்ளங்கை. குச்சி ஃப்ரேம்ல எங்க மூணு பேர் போட்டோ. ஒரு சுருள் பழைய சீரியல் லைட்டு.

அண்ணன் மூணாப் பிரிச்சு ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கலாம்னு சொல்றாரு. தங்கச்சிக்குக் குருவி மட்டும் போதும், ஆனா அது கண்டிப்பா வேணும். அம்மாவைக் கேட்டா "பழைய குப்பை, தூக்கிப் போடுங்கடி"ங்கிறாங்க. அப்படிச் சொல்லிக்கிட்டே ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க.

என் கேள்வி ரெண்டு. பந்துகளுக்கு உள்பக்கமா கறுப்புப் புள்ளி விழுந்திருக்கு, வெளிய கை பட்டா சாயம் பொடியா வருது. எப்படிச் சுத்தம் பண்றது? அடுத்தது, இந்த மாதிரிப் பெட்டியை உங்க வீட்டுல எப்படிப் பிரிச்சீங்க?

கண்ணாடிப்பித்து எழுதியது:

தண்ணி படவே கூடாது. மத்ததெல்லாம் அப்புறம். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். பழைய பந்துகள்ல சாயம் சூளையில வச்சுச் சுட்டது கிடையாது, சும்மா மேலே பூசினது. ஈரம் பட்டா விரலோடயே வந்துடும். படம் வரையிற மெல்லிசு பிரஷ், புதுசா, காஞ்சதா ஒண்ணு எடுத்துத் தூசியை மட்டும் தட்டி விடுங்க. சாயம் பொடியா உதிர்ற இடத்துல அதுவும் வேண்டாம்.

கறுப்புப் புள்ளி போகாது சகோ. இந்தப் பந்துகள் மின்னுறது வெளியில இருந்து இல்ல. ஊதின கண்ணாடிக்குள்ள வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டுச் சுழற்றி, உள்சுவர்ல வெள்ளி படிய வைப்பாங்க. மூடி வழியா ஈரக்காத்து போனா அந்த வெள்ளி கறுக்கும். மூடியைக் கழட்டி உள்ள எதையாவது விட்டுக் கழுவுறேன்னு கிளம்பினா இருக்கற வெள்ளியும் சேர்ந்து வந்துடும். அப்படியே விடுங்க. பழசுன்னு சொல்ற அடையாளமே அதுதானே.

குருவியைப் பத்தி. கிளிப் காலும் இழை வாலும் ஜெர்மனியில துரிங்கியா மலைப்பகுதியில இருக்கற லௌஷா கிராமத்துப் பாணி. அங்க 1597லயே கண்ணாடிப் பட்டறை வந்துடுச்சு. மரத்துக்கான கண்ணாடி அலங்காரம் 1800களோட நடுவுலதான் ஆரம்பம். வீட்டுக்குள்ளயே பட்டறை: ஒருத்தர் விளக்குச் சுடர்ல குழாயைக் காட்டி ஊத, வீட்டுல இருக்கறவங்க வெள்ளி ஏத்திச் சாயம் தீட்டுவாங்க. 1880ல அமெரிக்காவுல வுல்வொர்த் தன்னோட கடையில இதை விக்க ஆரம்பிச்ச பிறகு ஏற்றுமதி பெருசா வளர்ந்துச்சு. அதே பாணியைப் பின்னாடி பல நாட்டுல செஞ்சிருக்காங்க, அதனால உங்க குருவி அங்கதான் பொறந்துச்சுன்னு போட்டோ பார்க்காம சத்தியம் பண்ண மாட்டேன்.

பந்துகளோட மூடி என்ன? உலோகமா, அட்டையா?

வாசல்நிலா எழுதியது:

ரெண்டும் இருக்கு! சிலதுக்கு மூடி அட்டைதான். அதுங்க மின்னவும் இல்ல, வெறும் கண்ணாடியில கோடு கோடா சாயம். அம்மாவோட பெரியம்மா வெளிநாட்டுல வேலை பார்த்துட்டுத் திரும்பும்போது கொண்டாந்தாங்களாம். மலிவான சரக்கா இருக்கும்னு தனியா ஒதுக்கி வச்சிருந்தோம்.

கண்ணாடிப்பித்து எழுதியது:

ஒதுக்காதீங்க! அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கச் சரக்கா இருக்க நிறைய வாய்ப்பு. 1939 வாக்குல கார்னிங் கம்பெனி, மின்விளக்கு பல்பு ஊதுற மிஷின்லயே இந்தப் பந்துகளையும் ஊதிக் குவிக்க ஆரம்பிச்சாங்க. ஜெர்மனியில இருந்து வரத்து நின்னுபோன நேரம். அப்புறம் போர்னால உலோகத் தட்டுப்பாடு. உள்ள வெள்ளி ஏத்த முடியல, மூடிக்குத் தகரம் இல்ல. அதான் வெறும் கண்ணாடி, மேல கோடு, அட்டை மூடி. உங்க பெரியபாட்டி கொண்டுவந்தது அந்தக் காலத்துத் தட்டுப்பாட்டையே. எனக்கு மின்னுறதை விட இதுதான் பிடிக்கும், ஆனா நான் கொஞ்சம் பைத்தியம்.

ரெட்டைவால் எழுதியது:

எல்லாரும் அடிக்க வர்றதுக்கு முன்னாடி சொல்லிடறேன். எல்லாத்தையும் நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுங்க. ஆளுக்கு ஒரு ஆல்பம் அனுப்புங்க. பிடிச்ச ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துடுங்க. அம்மாவே தூக்கிப் போடச் சொல்றாங்கள்ல? நினைவு மண்டையில இருக்கு, பெட்டியில இல்ல. மூணு வீட்டுல மூணு பெட்டி பரண்ல தூங்குறதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

மூத்தவள் எழுதியது:

ரெட்டைவால் தம்பி, மண்டையில இருக்கற நினைவு எவ்வளவு நம்பகம்னு எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க.

அப்பா போன பிறகு எங்க பெட்டியை எண்ணிக்கைப்படிதான் பிரிச்சோம். ஆளுக்கு இத்தனைன்னு, யாருக்கும் கூடக் குறைய இல்லாம. நியாயமாத்தான் இருந்துச்சு. அதுல ஒரு மரத்துல செஞ்ச சின்ன ரயில் என்ஜின், பின்சக்கரம் ஒண்ணு இருக்காது, அந்த இடத்துல சட்டைப் பித்தான் ஒட்டியிருக்கும். என் பங்குல வந்துச்சு. அந்தப் பித்தான் யாரோடதுன்னு கேட்டா எங்க வீட்டுல ஆளுக்கொரு கதை. அப்பா சட்டைப் பித்தான்னு நான். தாத்தாவோட கோட்டுப் பித்தான்னு பெரிய தம்பி. சக்கரத்தை முழுங்கினதே சின்னவன்தான், அவனோட ஸ்கூல் சட்டையில இருந்து பிச்சு ஒட்டினதுன்னு தங்கச்சி. சின்னவன் அதை ஒத்துக்கவே மாட்டான். கேட்டுச் சொல்ல அப்பா இல்ல.

அதனால பிரிக்கிறது ரெண்டாவது வேலை. முதல்ல அம்மாவை உக்கார வச்சு, ஒவ்வொண்ணையும் கையில குடுத்து, போனை ரெக்கார்டுல போட்டுட்டுப் பேச விடுங்க. "இது ஏதும்மா?"ன்னு நேரா கேட்டா "யாருக்குத் தெரியும்"னு வரும். "இதை நான்தானே உடைச்சேன்?"னு தப்பா ஒண்ணை எடுத்து விடுங்க. திருத்துறதுக்காகவே எல்லாம் வெளிய வரும்.

அப்புறம் பிரிக்கலாம். எண்ணிக்கையால வேண்டாம். சீட்டுப் போட்டு யார் முதல்னு முடிவு பண்ணி, முறை வச்சு ஒவ்வொண்ணா எடுங்க. அடுத்த சுத்து கடைசி ஆள்ல இருந்து திரும்பி வரணும். யாருக்கு எது உயிர்னு அப்பத்தான் தெரியும், நாம நினைச்சது ஒண்ணா இருக்கும், அவங்க எடுக்கறது வேற ஒண்ணா இருக்கும்.

ரெட்டைவால் எழுதியது:

அக்கா, அந்தப் பித்தான் கதை மூணா இருக்கறதுதான் நல்லா இருக்கு. ரெக்கார்டு இருந்திருந்தா ஒரே கதையோட செத்துப் போயிருக்கும்.

மூத்தவள் எழுதியது:

இதுக்குப் பதில் என்கிட்ட இல்ல, போங்க தம்பி 😄

ஆவணப்பூச்சி எழுதியது:

பழைய காகிதம், படம் இதுகளோடதான் என் பொழப்பு. பத்திரப்படுத்துறதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க. மை ஒட்டும், அந்தத் தாள்லயே அமிலம் இருக்கு, நாளாக ஆக மஞ்சளாகி மேலயும் கறையை ஏத்தும். ஆசிட்-ஃப்ரீ டிஷ்யூ பேப்பர்னு கேட்டு வாங்கிக் கசக்கிச் சுத்துங்க. ரப்பர் பேண்ட் போடவே போடாதீங்க. அதுல கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுப்பாக்கும், கடைசியில உருகி ஒட்டிக்கும். குமிழி பிளாஸ்டிக் தாளை லாரியில ஏத்திக் கொண்டுபோற வரைக்கும் சுத்தலாம். வருஷக்கணக்கா சாயத்தோட ஒட்டி இருந்தா குமிழி அச்சு விழுந்துடும். பரண் வேண்டாம். பிரச்சனை வெயிலோ குளிரோ மட்டும் இல்ல, மாத்தி மாத்தி ஏறி இறங்குறதுதான். விரிஞ்சு சுருங்கிச் சாயம் கண்ணாடியை விட்டுடும். ஆளுங்க தங்குற அறையில அலமாரிக்குள்ள, சுவத்துல ஒட்டாம வைங்க. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போடுங்க.

மாவுக்கை தனி டப்பாவுல இருக்கட்டும். உப்பு ஈரத்தை இழுக்கும், அதோட சேர்ந்து வெள்ளியும் உலோகக் கொக்கியும் கெடும். பூச்சியும் எலியும் தேடி வர்ற பொருளும் அதுதான்.

போட்டோ ஃப்ரேம்ல ஒரிஜினலை மாட்டாதீங்க. ஸ்கேன் பண்ணி நகலை மாட்டுங்க. லைட்டு வெளிச்சமே கலர் படத்தை வெளுக்க வைக்கும்.

குறிப்பை மறக்காதீங்க. பொருள் மேல எழுதாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. சின்ன அட்டைத் துண்டுல பென்சிலால எழுதிப் பருத்தி நூல்ல கட்டுங்க. பேனா மை வெளுக்கும், ஈரத்துல ஓடும். பென்சில் கார்பன், அது பாட்டுக்கு இருக்கும். "அம்மா குடுத்தது"ன்னு எழுதாதீங்க, இன்னும் கொஞ்ச காலம் கழிச்சு எந்த அம்மான்னு யாருக்குத் தெரியும்? முழுப்பேர், வருஷம், எந்த வீடு, யார் செஞ்சது.

புதுஅப்பா எழுதியது:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் மரம் வைக்கிற பழக்கமே இருந்ததில்ல, அதனால இந்த மாதிரி பெட்டி எதுவும் கிடையாது. போன மாசம் பாப்பா பொறந்திருக்கா. எங்க இருந்து ஆரம்பிக்கிறது? 'பேபியின் முதல் கிறிஸ்துமஸ்'னு பேர் போட்டுத் தர்ற பந்து ஆன்லைன்ல பார்த்தேன்.

மூத்தவள் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி! அந்தப் பந்தை வாங்குறதுல தப்பில்ல, ஆனா அது எல்லா வீட்டுலயும் ஒண்ணு போலத்தான் தொங்கும். ஆஸ்பத்திரியில பாப்பா கையில கட்டின பட்டை, முதல் தொப்பி, இருக்கா? திறந்து மூடற கண்ணாடி உருண்டை ஒண்ணு வாங்கி உள்ள போடுங்க. போட்ட துணி சின்னதாப் போனதும் தூக்கிப் போடாம ஒரு துண்டு வெட்டி, பஞ்சு வச்சுத் தச்சு நட்சத்திரமாக்குங்க. வருஷத்துக்கு ஒண்ணுன்னு போதும். அந்த வருஷம் வீட்டுல என்ன நடந்துச்சோ அதோட சம்பந்தம் இருக்கணும், அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல. எங்க வீட்டு மரத்துல ஒரு பழைய சாவி தொங்குது. வாடகை வீட்டை விட்டு வந்தப்போ மிஞ்சின நகல் சாவி. கேக்குறவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

உள்ளங்கை பதிக்கணும்னா: ரெண்டு பங்கு மைதா, ஒரு பங்கு பொடி உப்பு, கிட்டத்தட்ட ஒரு பங்கு தண்ணி, மொத்தமா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா. கெட்டியாப் பிசைஞ்சு மெல்லிசாத் தேச்சு, கை பதிச்சு, கயிறு கோக்க மேல ஓட்டை போட்டுடுங்க. ஓவன்ல 100 டிகிரிக்கு மேல போகாம ரெண்டு மூணு மணி நேரம். சூடு கூடினா மேல உப்பும், ரேகை போயிடும். நல்லா ஆறினதும் முன்னும் பின்னும் ஓட்டைக்குள்ளயும் வார்னிஷ் அடிங்க. பாதிப் பேர் பின்பக்கத்தை விட்டுடுவாங்க, ஈரம் அங்கதான் ஏறும்.

கண்ணாடிப்பித்து எழுதியது:

நாய் வளர்க்கிறவங்க மாவுப் பொம்மையைக் கீழ்க்கிளையில மாட்டாதீங்க. அவ்வளவு உப்பை நாய் தின்னா உயிருக்கே ஆபத்து.

பழைய பெட்டி திறக்கிறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். பழைய ஜிகினா இழை கனமா, துவண்டு நேராத் தொங்குதா, கசக்கினா கசங்கினபடியே நிக்குதா, அப்போ ஈயமா இருக்கலாம். அமெரிக்காவுல 1970களோட தொடக்கத்துலதான் அதை நிறுத்தினாங்க. குழந்தைங்க கையில குடுக்காதீங்க. இன்னொண்ணு, ரொம்பப் பழைய பெட்டிகள்ல வெள்ளை நாரா உதிர்ற 'பனி'. 1930, 40கள்ல ஆஸ்பெஸ்டாஸைக் கூடப் பனின்னு வித்திருக்காங்க. அப்படி எதாவது கண்ணுல பட்டா ஊதாதீங்க, பெருக்காதீங்க, மூடி வச்சுட்டு விஷயம் தெரிஞ்ச ஆளைக் கேளுங்க.

தனிவழி எழுதியது:

வேற ஒரு சங்கடம். எங்க மரத்துல 'நம் முதல் கிறிஸ்துமஸ்'னு என் பேரும் அவர் பேரும் எழுதின மர வளையம் ஒண்ணு இருக்கு. பிரிஞ்சாச்சு. எனக்கு அதை எரிச்சுடணும் போல இருக்கு. ஆனா பையன் வருஷா வருஷம் தானே தேடி எடுத்து மாட்டுறான். நான் கழட்டி வச்சா ஒண்ணும் பேச மாட்டான், திரும்ப மாட்டிடுவான்.

மூத்தவள் எழுதியது:

கண்ணு, அதுல உங்களுக்குக் கல்யாணம் தெரியுது. அவனுக்குத் தெரியறது அம்மா பேரும் அப்பா பேரும். அவனுக்குன்னு தனியா ஒரு டப்பா குடுத்து, அது அவன் சொத்துன்னு சொல்லிடுங்க. அவன் இஷ்டப்பட்ட இடத்துல மாட்டட்டும். பின்பக்கக் கிளையா இருந்தா உங்களுக்கும் கண்ணுல படாது.

ஆவணப்பூச்சி எழுதியது:

மூத்தவள் அக்கா சொன்னது சரி. எரிக்கிறதை எப்ப வேணும்னாலும் செய்யலாம், அவசரமே இல்ல.

தனிவழி எழுதியது:

தனி டப்பா நல்ல யோசனை. பாக்குறேன். நன்றி.

ரெட்டைவால் எழுதியது:

சரி, நானும் சீரியஸாவே கேக்குறேன். டிஷ்யூல சுத்தி, டப்பாவுல போட்டு, அலமாரியில வச்சு, சீட்டும் கட்டியாச்சு. மரத்துல எப்போ மாட்டுறது? யாரும் பாக்காத பொருளுக்குக் கதை எதுக்கு?

கண்ணாடிப்பித்து எழுதியது:

இதுல நான் ரெட்டைவால் பக்கம். மாட்டணும். உடையும்தான், உடையட்டும். ஆனா புத்தியா மாட்டலாம். கண்ணாடியைக் கிளை நுனியில மாட்டாதீங்க, தண்டை ஒட்டி உள்ள, கனமான கிளையில, கண்ணு மட்டத்துக்கு மேல. பழைய கம்பிக் கொக்கியைக் கிளையில ஒரு சுத்துச் சுத்தி விடுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி மூடியை லேசா இழுத்துப் பாருங்க. நிறையப் பேர் வீட்டுல பந்து உடையறது கிளையில இருந்து விழுந்து இல்ல, மூடிக்குள்ள இருக்கற ஸ்பிரிங் கம்பி தளர்ந்து, மூடி மட்டும் கொக்கியில நிக்க பந்து கீழ போயிடும். அந்தக் கம்பி ரெண்டு காலையும் கொஞ்சம் அகட்டி விட்டுச் சொருகினா பிடிச்சுக்கும். கீழ்க்கிளைகள்ல துணி, மரம், அட்டை. பூனையும் குழந்தையும் அங்கதான் வரும்.

சீரியல் லைட்டு மட்டும் கண்டிப்பா வேண்டாம். வயர் மேல இருக்கற உறை காஞ்சு வெடிச்சிருக்கும், பழைய பல்பு சூடும் அதிகம். எடிசன்கிட்ட வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் 1882ல தன் வீட்டு மரத்துல 80 பல்பு எரிய விட்டாரு, அதுக்கு முந்தி மெழுகுவர்த்திதான், பக்கத்துல வாளியில தண்ணி வச்சுக்கிட்டு. நாம அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம். மரத்துக்கு எல்.இ.டி. போடுங்க. பழைய பல்புகளை ஹோல்டர்ல இருந்து கழட்டி நூல் கட்டி வெறும் அலங்காரமா மாட்டலாம், அழகா இருக்கும்.

வாசல்நிலா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுல உக்காந்தோம். மூத்தவள் அக்கா சொன்ன மாதிரி தப்புத் தப்பா எடுத்து விட்டேன், அம்மா விடவே இல்ல!

அட்டை ஸ்டாரை நாங்க எல்லாரும் அப்பா சும்மா பொழுதுபோகாம வெட்டினதுன்னு நினைச்சுட்டு இருந்தோம். அம்மா அதைத் திருப்பிக் காட்டினாங்க. பின்னாடி கத்தரிச்ச பாதி எழுத்து, அச்சடிச்ச அம்புக்குறி, "இந்தப் பக்கம் மேலே"ன்னு சொல்ற மாதிரி. அவங்க வீட்டுக்கு முதல்முதலா வாங்கின தையல் மிஷின் வந்த பெட்டியாம். அந்த வருஷம் மிஷினுக்குத் தவணை கட்டினதுல ஸ்டார் வாங்கக் காசில்ல. அப்பா அட்டையை வெட்ட, அம்மா அந்த மிஷின்லயே ஓரம் தைக்கப் பாத்து ஊசியை உடைச்சிருக்காங்க. ஒரு முனையில ஊசி ஓட்டை வரிசையா இருக்கு, இத்தனை நாளும் பூச்சி அரிச்சதுன்னு நினைச்சோம். அம்மா அதைச் சொல்லிட்டு அப்படிச் சிரிச்சாங்க.

பிரிச்சதும் எதிர்பார்த்த மாதிரி நடக்கல. முதல் சீட்டு அண்ணனுக்கு. குருவியை எடுத்துடுவாரோன்னு தங்கச்சி மூச்சைப் பிடிச்சுட்டு இருந்தா. அவர் எடுத்தது சீரியல் லைட்டு! சின்ன வயசுல எரியாத பல்பு எதுன்னு கண்டுபிடிக்கிறது அவரும் அப்பாவும் சேர்ந்து செய்யற வேலையாம். ஒவ்வொரு பல்பாக் கழட்டி மாட்டிப் பாப்பாங்க. ப்ளக்கை வெட்டிடுங்கன்னா மனசு வரல அவருக்கு. கண்ணாடிப்பித்து சொன்னதைப் படிச்சுக் காட்டின பிறகுதான் வெட்டினாரு.

குருவி தங்கச்சிக்கு. மாவுக்கையை அம்மாவே கேட்டு வாங்கிட்டாங்க, "தூக்கிப் போடு"ன்னவங்க. அட்டை மூடிப் பந்துகள் எனக்கு. ஸ்டார் மட்டும் யாருக்கும் இல்ல, எந்த வீட்டுல அந்த வருஷம் எல்லாரும் கூடுறோமோ அந்த மரத்துக்கு.

ரெட்டைவால் எழுதியது:

சரி, ஸ்டார் விஷயத்துல தோத்துட்டேன். போட்டோவுல பின்பக்கம் வந்திருக்காது.

வாசல்நிலா எழுதியது:

😄 ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. குருவியோட கிளிப்புல துரு இருக்கு, ஸ்பிரிங்கும் தளர்ந்துபோச்சு. தங்கச்சி எண்ணெய் விடலாமான்னு கேக்குறா.

கண்ணாடிப்பித்து எழுதியது:

எண்ணெய் வேண்டாம், வடிஞ்சு சாயத்துல ஏறும். துருவைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டினாப் போதும், குருவியைக் கையில பிடிச்சுக்காம கிளிப்பைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யச் சொல்லுங்க. பிடி தளர்ந்திருந்தா கிளிப்பை நெளிக்கப் பாக்க வேண்டாம், கண்ணாடி இணையற இடத்துலதான் முதல்ல விரியும். கிளையில வச்சு, கிளிப்போட அடியில மெல்லிசு செப்புக் கம்பியால ரெண்டு சுத்து. பச்சைக் கம்பி கிடைச்சா வெளிய தெரியாது. இழை வாலைக் கையால நீவ வேண்டாம், அந்தக் கண்ணாடி நார் விரல்ல ஏறினா எடுக்கறது கஷ்டம்.